கை இறங்கும் இடம்

மார்ச் 3

தங்கச்சிக்கு,

ஐந்து வருஷம் கழித்து எழுதுகிறேன். போன் செய்தால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுவாய். கடிதம் என்றால் படிக்காமல் கிழிக்க உனக்கு மனசு வராது. மளிகைப் பொட்டலம் கட்டின காகிதத்தையே பிரித்துப் படிக்கிறவள் நீ. நலமா என்று நான் கேட்கப் போவதில்லை. நீ என் புருவத்தில் போட வைத்த ஐந்து தையல் மழைக்காலத்தில் இன்னும் அரிக்கிறது. அதனால் நீயும் கேட்க வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு மதியம் நம் யார்டில் எடைமேடைக்காரரை அடித்துப் போட்டுவிட்டார்கள். பழைய இரும்பு வாங்க ஆரம்பித்த நாளிலிருந்து என்னிடம் இருப்பவர், உனக்கும் தெரியும். ஞாயிறு யார்டு லீவு. அவர் மட்டும் வந்து மேடையைச் சரிபார்த்துவிட்டுப் போவார். பின்னாலிருந்து வந்து தலையில் கோணிச் சாக்கைக் கவிழ்த்து, முறுக்குக் கம்பியால் அடித்திருக்கிறான். இரண்டு கையும் முறிந்துவிட்டது. தாடை இரண்டு துண்டு. ஆறு பல் மேடைமேல் கிடந்தன, நான்தான் பொறுக்கினேன். அந்த மேடை கிராம் சுத்தமாக எடை காட்டும். பல்லைப் பொறுக்கக் குனிந்தபோது கண்ணாடிக்குள் எண் ஓடியது, அது என் எடை. அதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை, மறக்க முடியாததால் எழுதுகிறேன்.

அடித்தவன் இங்கிலீஷில் பேசியிருக்கிறான். கேட்டில் நிற்கும் காவல்காரர் காதால் கேட்டார். யார்டில் இங்கிலீஷ் பேசுகிறவன் ஒருத்தன்தான், கிரேன் ஓட்டுகிறவன். எட்டு வருஷம் சரக்குக் கப்பலில் இருந்தவன், கப்பல் என்றே கூப்பிடுவோம். இரண்டு மாசம் முன்பு, உள்ளே கேஸோடு மூடியே இருந்த சிலிண்டர் ஒன்று வெட்டும்போது வெடித்து, கேஸ் வைத்து இரும்பு வெட்டுகிறவர் ஒருவர் போய்ச் சேர்ந்தார். கூரைத் தகரத்திலிருந்து அவரைத் துடைத்து எடுத்தோம். அந்த சிலிண்டரைக் கிரேன் காந்தத்தில் தூக்கி வெட்டுகிற இடத்தில் வைத்தது இந்தக் கப்பல்தான். எடைமேடைக்காரர் அதைப் பற்றிப் போலீஸில் ஏதோ சொல்லியிருக்கிறார். இவனுக்குக் கோபம். கணக்குச் சரியாக இருக்கிறது.

எடைமேடைக்காரருக்கு ஒரு பழக்கம். எண்களை வாயால் சொல்லி போனில் பதிந்து வைப்பார், சீட்டு தொலைந்தாலும் குரல் இருக்கும் என்று. அன்றும் போன் ஓடிக்கொண்டிருந்தது, அடித்ததெல்லாம் அதில் இருக்கிறது. வாயில் துணி கட்டிப் பேசியிருக்கிறான், குரல் பிடிபடவில்லை. இங்கிலீஷ் உச்சரிப்பு சொல்லித்தருகிறவர் யாராவது இது கப்பலின் பேச்சுத்தான் என்று எழுதிக் கொடுத்தால் போதும் என்கிறார் இன்ஸ்பெக்டர். அந்த வேலைக்குப் பட்டம் வாங்கினவள் எனக்குத் தெரிந்து நீ ஒருத்தி. பேச்சை மட்டும் ஒரு மெமரி கார்டில் போட்டு அனுப்பியிருக்கிறேன். அடி விழும் சத்தத்தையெல்லாம் வெட்டி எடுக்கச் சொல்லிவிட்டேன், நீ கேட்கிற சத்தமில்லை அது.

எழுதிக் கொடு. உன் வகுப்புக்குப் புது பெஞ்சு, பலகை, மேலே கூரை எல்லாம் போட்டுத் தருகிறேன். லஞ்சம்தான். வேறு பெயர் வைக்க எனக்குத் தெரியாது.

வீட்டில் வேறு ஒன்றுமில்லை. என் மகன் கோட்டான் (வாயே திறக்காதவனுக்கு நீ வைத்த பெயர்தானே) அன்று சாப்பிட்டுவிட்டு வீட்டில் தூங்கினான், அவனுக்கு இதில் ஒன்றும் தெரியாது.

அண்ணன்

மார்ச் 7

அண்ணனுக்கு,

தையலை ஞாபகப்படுத்தியிருக்கிறீர்கள். எனக்கும் சில ஞாபகம் இருக்கிறது. உங்களிடமிருந்து ஓடி வந்து நாலு மாசம் என் வீட்டில் இருந்த உங்கள் பையனைத் தேடி வந்தீர்கள். அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது. பதினோரு மாணவர்கள் உட்கார்ந்திருந்த வகுப்பில் என் மேஜையிலிருந்த மரஸ்கேலை எடுத்து, அது உடையும்வரை அவனை அடித்தீர்கள். உடைந்த பிறகு பாதியை வைத்து அடித்தீர்கள். என் கைக்குக் காகிதத்தின்மேல் வைக்கும் இரும்புக் கட்டி கிடைத்தது. அதற்காக நான் இதுவரை வருத்தப்படவில்லை.

எடைமேடைக்காரரை நான் மறக்கவில்லை. என் கல்யாணத்துக்கு மூட்டை தூக்கியவர் அவர். அதனால்தான் பதில் எழுதுகிறேன்.

நீங்கள் அனுப்பிய கார்டு ஒன்றுக்கும் உதவாது. தமிழில் 'அ' எங்கே வந்தாலும் ஏறக்குறைய அதே 'அ'தான். இங்கிலீஷில் உயிரெழுத்துக்கு அந்த உறுதி கிடையாது. சொல்லில் எந்த அசையில் அழுத்தம் விழுகிறதோ அங்கே மட்டும் உயிர் முழுசாக நிற்கும். மற்ற இடத்தில் நசுங்கி, எல்லா உயிரும் ஒரே மங்கலான சத்தமாகிவிடும். அந்தச் சொல்லே வாக்கியத்தில் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தும் மாறும். நடுவில் நசுங்குகிற சொல், மூச்சு நிற்கும் இடத்தில் வந்தால் நிமிர்ந்துகொள்ளும். ஆளை அடையாளம் காட்டுவது இந்த நசுங்கலும் நிமிர்தலும்தான். நீங்கள் வெட்டி எறிந்தது முழுக்க மூச்சு நிற்கும் இடங்கள். ஒரு மோட்டாரைப் பிரித்து, செம்புக் கம்பியைத் துண்டு துண்டாக நறுக்கி எடுத்து வந்து, எந்தக் கம்பெனி மோட்டார் சொல்லு என்றால் நீங்கள் என்ன சொல்வீர்களோ அதையே நான் சொல்கிறேன்.

முழுப் பதிவு வேண்டும், சத்தம் எதுவாக இருந்தாலும். அந்தக் கிரேன் ஓட்டுநர் வேறு சமயம் இங்கிலீஷ் பேசிய பதிவும் வேண்டும்.

பெஞ்சு வேண்டாம். கூரை ஒழுகவில்லை.

உங்கள் தங்கை

மார்ச் 10

தங்கச்சிக்கு,

'நீங்கள்' போட்டு எழுதியிருக்கிறாய். ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது. குத்து, பரவாயில்லை.

முழுப் பதிவும் இத்துடன். நான் ஒருமுறை கேட்டேன், பாதியில் எழுந்து போய் வாந்தி எடுத்தேன். முப்பது வருஷமாக இரும்பு உடைகிற சத்தத்தில் சோறு தின்கிறவன் நான். எலும்பு உடைகிற சத்தம் அதைவிடச் சின்னது. வெளிநாட்டு வியாபாரிக்குக் கப்பல் பேசி அனுப்பின மூன்று பதிவும் கார்டில் இருக்கின்றன. அவனை வைத்துத்தான் அந்த வியாபாரிகளோடு பேசிக்கொண்டிருந்தேன். எனக்குப் போலீஸ், மெஷின், டன் இந்த மூன்றைத் தாண்டி இங்கிலீஷ் வராது. கோட்டானுக்கு அதுவும் வராது. நாலு மாசம் உன் வீட்டில் தின்றதுதான் மிச்சம்.

நீ எப்படியும் கேட்பாய், நானே சொல்லிவிடுகிறேன். கப்பலைப் போலீஸ் வருவதற்கு முன்னால் யார்டில் பிடித்து வைத்தோம். ஆட்கள் அடித்தார்கள். நானும் வைத்தேன். காதோடு சேர்த்து ஒன்று. "மொதலாளி, நான் இல்ல மொதலாளி"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தான், அதுக்கு இன்னொன்று. காதிலிருந்து ரத்தம் வந்தது. லாக்கப்பிலும் விடவில்லை என்று கேள்வி. அவன் மனைவி தினமும் கேட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். லாரி வந்தால் எழுந்து வழி விடுகிறாள், போனதும் திரும்ப உட்காருகிறாள்.

எடைமேடைக்காரர் தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். குழாயில் கஞ்சி. அவரைப் பார்த்தாயானால் நீயே கப்பலின் இன்னொரு காதையும் பிய்ப்பாய். வருகிற 22ஆம் தேதி கோர்ட். அதற்குள் எழுதி அனுப்பு.

அண்ணன்

மார்ச் 15

அண்ணா,

கதவைச் சாத்திக்கொண்டு படி. படித்துவிட்டு ஒரு மணி நேரம் யாரோடும் பேசாதே.

அது கிரேன் ஓட்டுநர் இல்லை. சந்தேகத்துக்கு இடமே இல்லை. அவர் கப்பலில் கேட்டுக் கற்ற இங்கிலீஷ், நம் ஊர்ப் பேச்சின் மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது. எல்லா உயிரும் முழு எடை. 'போலீஸ்' என்கிறார், நீ சொல்வது மாதிரியே, 'போ' ஒரு கிலோ, 'லீஸ்' ஒரு கிலோ. 'மெஷின்', 'டு', 'தி' எல்லாமே அப்படி. மூன்று பதிவிலும் ஓர் இடத்தில்கூட எதையும் நசுக்கவில்லை. கோபத்தில் பேசினால் மனிதன் பழகின பாதையில்தான் போவான், புதுசாக ஒரு நாக்கு முளைக்காது.

அடித்தவன் அதே சொல்லை 'ப்லீஸ்' என்கிறான். முதல் உயிர் இருந்த இடமே தெரியவில்லை, அழுத்தம் முழுக்க 'லீ'யில். போலீஸிடம் பேசினாய் என்று சொல்லும்போது நடுவில் வருகிற 'டு' வெறும் 'ட' ஆகிக் கரைகிறது. யாரிடம் பேசினாய் என்று கேட்கும்போது அதே 'டு' வாக்கியக் கடைசியில் வருகிறது, அங்கே முழுசாக நிமிர்கிறது. இதைக் கப்பலில் கேட்டுக் கற்க முடியாது. யாரோ பக்கத்தில் உட்கார்ந்து, மேஜையைத் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

அண்ணா, அது நான்தான்.

அந்த நாலு மாசமும் கோட்டானுக்குச் சொல்லிக்கொடுத்தேன். உன்னிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டான், தெரிந்தால் நீ வியாபாரிகளோடு பேச உட்கார்த்திவிடுவாய், சொல் தவறினால் அடிப்பாய் என்று. முதல் மாசம் அவனுக்கு அழுத்தம் பிடிபடவே இல்லை. நான் ஸ்கேலால் மேஜையைத் தட்டுவேன், அவன் எல்லா அசைக்கும் ஒரே மாதிரி தட்டுவான். ஒரு நாள் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "அத்தை, அப்பா அடிக்கிறப்ப 'இனிமே'ங்கும்போது கை மேல போயிட்டிருக்கும். 'பொய்'ங்கும்போது எறங்கும். அப்புறம் ஒரு மூச்சு விடுவாரு. 'சொல்லுவியா'ங்கறப்பதான் பெருசா விழும். அது மாதிரியா?" என்றான்.

நான் அப்போது எழுந்து போய் அழுதிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? சந்தோஷப்பட்டேன். பிடித்துக்கொண்டான் என்று சந்தோஷப்பட்டேன். "அதேதான்டா, கை இறங்கும் இடத்தில் உயிர் முழுசா நிக்கும், கை ஏறும்போது வர்றதெல்லாம் நசுங்கிப் போகும்" என்றேன். அன்றிலிருந்து அவன் தப்பே செய்யவில்லை. இருபது வருஷத்தில் என்னிடம் படித்தவர்களில் அவன் அளவுக்கு யாரும் சுத்தமாகப் பேசியதில்லை.

முழுப் பதிவைக் கேள். கம்பி எங்கே விழுகிறது என்று கேள். 'ஹூ'வில் ஒன்று. 'டிட் யூ' சொல்லும்போது கம்பி மேலே போகிறது. 'டாக்'கில் ஒன்று. 'டாக்ட் ட த ப்லீஸ்' என்னும்போது 'டாக்'கில் ஒன்று, மூச்சு, 'லீ'யில் பெரியது ஒன்று. ஓர் அடிகூட இடம் மாறவில்லை. என் பாடம் அது. அதற்கு முன்னால் உன் பாடம்.

சிலிண்டரைத் திறந்து பார்க்காமல் வெட்டச் சொன்னது யார் என்று ஒரு தடவையாவது கேட்டாயா?

தங்கை

மார்ச் 18

டீச்சரம்மாவுக்கு,

எரித்துவிட்டேன் உன் கடிதத்தை.

உன் படிப்புக்கு இரும்பு சுமந்தவன் நான். என் முதுகுத் தோல் உரிந்துதான் உன் பெயருக்குப் பின்னால் எழுத்து வந்தது. அந்த எழுத்தை வைத்து என் பிள்ளையை உள்ளே தள்ளப் பார்க்கிறாய். பெற்றிருந்தால் தெரியும். 'ட'வாம், 'டு'வாம். நாக்கு எங்கே மடங்கிற்று என்று பார்த்து ஒருத்தனை ஜெயிலில் போடுவாயா?

அவன் அன்று வீட்டில் தூங்கினான். நான் சொல்கிறேன்.

இந்த விஷயத்தோடு கோர்ட் வாசலில் கால் வைத்தாயானால் அந்தக் கால் உன்னிடம் இருக்காது. என் கிரேனில் கொக்கியை மாட்டித் தொங்க விடுவேன் உன்னை. கூடப் பிறந்தவள் என்று பார்க்க மாட்டேன். நான் சும்மா மிரட்டுகிற ஆளில்லை என்று உனக்குத் தெரியும்.

மார்ச் 20

அண்ணா,

தெரியும்.

22ஆம் தேதி காலை பத்து மணிக்குக் கோர்ட்டில் இருப்பேன். இரண்டு கால்களோடும் வருவேன், பிறகு உன் இஷ்டம். என்ன சொல்லிக்கொடுத்தேன், எப்படிச் சொல்லிக்கொடுத்தேன் என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன், என் மேல் வருகிற பழியை நான் கழிக்கவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் போவதற்கு முன்னால் நீ போ. உனக்கு இங்கிலீஷ் தெரியாது, அது நல்லது. சொல்லை விட்டுவிட்டு அடியை மட்டும் கேள்.

தங்கை

மார்ச் 24

தங்கச்சிக்கு,

இது இடது கையால் எழுதுவது. வலது கை மாவுக்கட்டில் இருக்கிறது. எழுத்துக் கோணலைப் பொறுத்துக்கொள்.

21ஆம் தேதி மதியம் சாப்பாட்டு வேளையில் எல்லா மெஷினும் நின்ற பிறகு எடை அறையில் உட்கார்ந்து பதிவைப் போட்டேன். சொல் ஒன்றும் புரியவில்லை. கையை மேஜைமேல் வைத்துக்கொண்டு கேட்டேன். மூன்றாவது அடியிலிருந்து அடுத்தது எங்கே விழும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சத்தம் வருவதற்கு முன்னாலேயே என் கை மேஜையில் இறங்கியது. அந்தப் பெரிய அடிக்கு முன்னால் ஒரு மூச்சு விட்டேன். பதிவிலும் அவன் அப்போதுதான் விட்டான். முழுசும் கேட்டேன், இந்த முறை வாந்தி வரவில்லை. என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவன் அன்று தூங்கினானா என்று நீ கேட்கவே இல்லை. முதல் கடிதத்திலேயே நானாக எழுதியிருக்கிறேன். கேட்காததை முந்திக்கொண்டு சொல்கிற வியாபாரியிடம் நான் ஓர் ஆணிகூட வாங்க மாட்டேன். அன்று மதியம் நான் வீட்டில் இருந்தேன், அவன் கட்டில் காலியாக இருந்தது. இருந்தும் எழுதினேன்.

பதிவு ஓடும்போதே அவன் உள்ளே வந்தான். நிறுத்தாமல் நின்று கேட்டான். "யாரு போட்டுக் குடுத்தது, அத்தையா?" என்றான். சிலிண்டர் விஷயம் கேட்டேன். மூடியிருக்கு, திருப்பி அனுப்பணும் என்று எடைமேடைக்காரர் சீட்டில் எழுதியிருந்தாராம். லாரி காத்திருக்கிறது, தாமதமானால் நான் அடிப்பேன் என்று சீட்டைக் கிழித்துப் போட்டு வெட்டச் சொல்லியிருக்கிறான். இருபத்துநாலு வயசுப் பிள்ளை, அடிக்குப் பயந்து. எடைமேடைக்காரர் அதைப் போலீஸில் சொல்லிவிட்டார் என்றுதான் அவரை அடித்தானாம், தமிழில் பேசினால் ஆள் தெரிந்துவிடும் என்று இங்கிலீஷில். "அன்னிக்கு நீ வீட்டுல தூங்கினதா சொல்லிட்டேன்டா போலீஸ்ல, கப்பலே உள்ள இருக்கட்டும், நீ வாய மூடிட்டு இரு" என்றேன். ஆமாம், அப்படித்தான் சொன்னேன். எல்லாம் தெரிந்த பிறகும் அதுதான் வாயில் வந்தது.

மூலையில் கிடந்த கம்பியை எடுத்தான். முதல் அடி முழங்கைக்குக் கீழே விழுந்தது, எலும்பு வெளியே வந்தது. இங்கிலீஷ் பேசவில்லை. "இனிமே", கம்பி மேலே போனது. "பொய்", இறங்கியது. மூச்சு விட்டான். "சொல்லுவியா."

ஓர் இடம்கூட மாறவில்லை. நான் அவனுக்கு எட்டு வயசிலிருந்து கொடுத்ததை அப்படியே, எடை குறையாமல் திருப்பிக் கொடுத்தான். தோளில், விலாவில். அவன் அடிக்க அடிக்க என் வாயும் கூடவே அந்த வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டிருந்தது, எனக்கே தெரியாமல். இடது கை சும்மாதான் இருந்தது. பக்கத்திலேயே சுத்தியல் கிடந்தது. எடுக்கவில்லை.

நாலாவது தடவை கேட்டபோது "சொல்ல மாட்டேன்டா" என்றேன். எத்தனை நூறு தடவை அவன் எனக்கு அந்தப் பதிலைச் சொல்லியிருப்பான். கம்பியைப் போட்டுவிட்டுக் குந்தி உட்கார்ந்து, சின்ன வயதில் அழுகிற மாதிரி முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதான்.

சொல்லிவிட்டேன், பிறகு செய்யாமல் இருக்க முடியாது. கையைக் கோணியில் சுற்றிக்கொண்டு அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். நடந்தே போனோம். அவன் என் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு வந்தான், விடவில்லை. போலீஸ் வாசலில் மட்டும் நின்று, "அப்பா, உள்ள அடிப்பாங்களா?" என்றான். அடிப்பார்கள் என்றேன். பொய் சொல்ல முடியவில்லை. அவனாகவே படி ஏறினான்.

சீட்டு, சிலிண்டர், காலிக் கட்டில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். கப்பலின் இடது காது இனிமேல் கேட்காதாம். அது லாக்கப்பில் விழுந்த அடியில்லை, என் அடி. அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன், இதே கோணல் எழுத்தில். மறுநாள் கோர்ட்டில் கப்பலை விட்டபோது நீயும் வாசலில் இருந்தாய். நான் தூணுக்குப் பின்னால் நின்றது உனக்குத் தெரியாது. போகிற வழியில் அவன் என்னைப் பார்த்துவிட்டான். "கிரேன் சாவி ஆபீஸ் ஆணியில மாட்டியிருக்கு மொதலாளி" என்றான். அவ்வளவுதான். அவன் மனைவி அவனுடைய கேட்கிற காதுப் பக்கமாக மாறி நடந்து போனாள்.

எடைமேடைக்காரரிடமும் போய்ச் சொன்னேன். கம்பி கட்டிய வாயோடு என்னைப் பார்த்தார், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நாளையும் போவேன்.

கோட்டானைப் பார்க்க என்னை விடவில்லை, அவன் வேண்டாம் என்றுவிட்டான். உன்னைக் கேட்கிறானாம். கொக்கியில் தொங்கவிடுவேன் என்று எழுதியவன் கேட்கிறேன், போய் அவனைப் பார். எந்த பாஷையில் வேண்டுமானாலும் பேசு, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசு. நடுவில் ஒரு மேஜை போட்டிருப்பார்களாம். பேசும்போது அதை மட்டும் தட்டாதே.

அண்ணன்